மார்ச்சில் ஹெல்கோலாந்து: பறவை பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஹாம்பர்க்கில் குடியேறிய நாளிலிருந்து ஒவ்வொரு மார்ச் மாதமும் சில நாட்கள் ஹெல்கோலாந்துத் தீவில் கழிகின்றன. வடகடலின் நடுவே ஒரு சிவப்புப் பாறை. அதில் 1910-இல் தொடங்கிய ஒரு பறவை ஆய்வு நிலையம். போய்வந்த கதையை எடுத்தாலே நண்பர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன்.

தீவு எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிது?

ஜெர்மனியின் வடமேற்குக் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, திறந்த கடலில் இருக்கிறது. பெரிய தீவின் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர்தான். செம்மணற்கல் குன்று, அதன் அடிவாரத்தில் துறைமுகமும் கடைத்தெருவும். பக்கத்திலேயே டூனெ என்ற மணல்தீவு. 1720-21 புத்தாண்டுப் புயல் பிரிக்கும்வரை இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

1807 முதல் பிரிட்டனிடம் இருந்த தீவு, 1890-இல் சான்சிபார் தொடர்பான ஒப்பந்தத்தின்படி ஜெர்மனிக்குக் கைமாறியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947 ஏப்ரல் 18 அன்று, அங்கிருந்த ராணுவ அரண்களை அழிக்க ஏறத்தாழ 6,700 டன் வெடிபொருளை பிரிட்டிஷார் ஒரே நேரத்தில் வெடிக்கவைத்தார்கள். தீவின் தெற்கு முனை உருவமே மாறிவிட்டது. 1952-இல் ஜெர்மனிக்குத் திரும்பக் கிடைக்கும்வரை விமானக் குண்டுப் பயிற்சிக்கும் அதுதான் இலக்கு. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. இன்று பறவைகள் வந்து ஒதுங்குகிற புதர்களில் பெரும்பாலானவை அந்த அழிவுக்குப் பிறகு முளைத்தவை. வெடிப்பில் உருவான சரிவுகள் அடர்ந்த புதர்க்காடாகி, இப்போது தீவிலேயே நல்ல பறவை இடங்களில் ஒன்றாகிவிட்டன.

ஏன் மார்ச்? கோடையில் போனால் குளிர் இருக்காதே?

கோடையில் போனால் பாறையில் கூடுகட்டிய கடற்பறவைகளைப் பார்க்கலாம், அதுவும் அருமைதான். ஆனால் மார்ச்சில் நடப்பது வேறு. தென்மேற்கு ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் குளிர்காலத்தைக் கழித்த சிறு பறவைகள் ஸ்காண்டிநேவியாவை நோக்கிக் கிளம்பும் மாதம் அது. பெரும்பாலும் இரவில் பறக்கின்றன. கீழே இருண்ட கடல்நீர் தவிர வேறொன்றும் இல்லை. விடியும்போது மூடுபனியோ எதிர்க்காற்றோ தூறலோ குறுக்கிட்டால், சுற்றுவட்டாரத்தில் இறங்குவதற்கு இருக்கிற ஒரே தரை இந்தப் பாறைதான். அதனால்தான் இத்தனை சின்ன இடத்தில் 400-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன.

மாதத் தொடக்கத்தில் வானம்பாடிகள், ஆட்காட்டிகள், ஸ்டார்லிங் கூட்டங்கள். நடுவில் பூங்குருவி வகைகளும் ஐரோப்பிய ராபினும் மர உள்ளானும். கடைசி வாரத்தில் சிஃப்சாஃப் என்ற கதிர்க்குருவி, பிளாக் ரெட்ஸ்டார்ட், ஆப்பிரிக்காவிலிருந்து வரும் முதல் வீட்டியர்கள். மே மாதத்தில் இன்னும் அதிக இனங்கள் கிடைக்கும். எனக்கு மார்ச்தான் பிடிக்கும். மரங்கள் இலைவிடாத நேரம் என்பதால் வந்த பறவை கண்ணுக்குத் தெரிகிறது.

காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா?

போகலாம். ஆனால் பறவை பார்க்க அது உதவாது. குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து கப்பல் காலையில் கிளம்பி நண்பகல் தாண்டித்தான் தீவைச் சேரும். மூன்று நான்கு மணி நேரத்தில் திரும்பக் கிளம்பிவிடும். அந்த இடைவெளியில் நீங்கள் பார்ப்பது கடைத்தெருவும் வரியில்லாத சாராயக் கடைகளும்தான். இரவு வந்து இறங்கிய பறவைகளை விடியற்காலை முதல் இரண்டு மணி நேரத்தில் பார்க்க வேண்டும். ஒரு முழு நாள் வேண்டுமென்றால் இரண்டு இரவு தங்குங்கள். புயலடித்தால் கப்பல் ஓடாது, ஆகவே திரும்பும் தேதியை ஒரு நாள் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படித் தங்கினால் ஒரு நாள் எப்படிப் போகும்?

போன மார்ச்சின் கடைசி வாரத்தில் ஒரு நாளைச் சொல்கிறேன். முந்தைய இரவு தென்கிழக்குக் காற்று, வானத்தில் நட்சத்திரம். நள்ளிரவுக்குப் பிறகு மேகம் மூடி மெல்லிய தூறல் ஆரம்பித்தது. தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் மனசு துள்ளியது. ஐந்தரை மணிக்கு மேல்தளமான ஓபர்லாந்துக்கு ஏறினேன். இன்னும் இருட்டு. கலங்கரை விளக்கத்தின் ஒளிக்கற்றைகள் தூறலுக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. அதற்குள்ளே வெள்ளைப் புள்ளிகளாகப் பறவைகள் வந்து மறைந்தன. மேலே எங்கிருந்தோ ‘ஸீஈ’ என்று இழுத்த மெல்லிய குரல். ரெட்விங் என்னும் பூங்குருவி இருட்டில் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் குரல் அது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் தலைக்கு மேலே ஒரு ஊரே நகர்ந்துபோவதைக் காதால் மட்டும் கேட்பது எப்படி இருக்கும் என்று இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெளிச்சம் வந்ததும் புல்வெளி முழுக்கப் பறவைகள். வேலிக் கம்பிக்குக் கம்பி ராபின். நடைபாதை ஓரத்தில், என் காலணியிலிருந்து ஒரு முழத் தூரத்தில், கோல்ட்கிரெஸ்ட் ஒன்று கற்களுக்கிடையில் பூச்சி தேடியது. ஐரோப்பாவின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. எடை ஐந்தாறு கிராம். நம் ஐந்து ரூபாய் நாணயத்தின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சந்தலையில் எலுமிச்சை மஞ்சளில் ஒரு கீற்று, இருபுறமும் மை தீட்டியதுபோல் கறுப்புக் கோடு. மனிதனைப் பார்த்து ஒதுங்கக்கூட அதற்கு நேரமில்லை. இரவெல்லாம் கடலைத் தாண்டி வந்த உடம்புக்கு இப்போதே தீனி வேண்டும். நான் அசையாமல் நின்றேன். அது காலணியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று.

எட்டு மணிக்குள் பரபரப்பு அடங்கிவிடும். பறவைகள் புதருக்குள் போய்விடும். நாமும் போய்ச் சூடாக ஒரு காபி குடிக்கலாம். அதன்பின் கூடுகட்டும் பாறைப் பக்கம். மதியம் சின்னப் படகில் டூனெ தீவு: மணலில் சாம்பல்நிறக் கடல்நாய்கள், அலையோடு ஓடி ஓடித் திரும்பும் சிறு உள்ளான்கள், தடுப்புச்சுவர்ப் பாசியில் ஊதா உள்ளான். சாயங்காலம் புதர்ச் சரிவில் மறுபடி ஒரு சுற்று. அன்றைக்கு அந்தி மயங்கும்போது மர உள்ளான் ஒன்று என் காலடியிலிருந்தே படபடவென்று எழுந்தது. காய்ந்த இலையோடு இலையாக அங்கே அது உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

ஆய்வு நிலையத்தில் பறவைகளை எப்படிப் பிடிக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. ஹெல்கோலாந்து என்ற பெயரை உலகெங்கும் உள்ள பறவை ஆய்வாளர்கள் ஒரு பொறியின் பெயராகத்தான் முதலில் கேள்விப்படுகிறார்கள்.

தீவுவாசிகள் ஒரு காலத்தில் பூங்குருவிகளைப் பிடித்துச் சாப்பிட்டவர்கள். மரமில்லாத பாறையில் கிளைகளை நட்டுச் செயற்கைப் புதர் அமைத்து, அடைக்கலம் தேடி அதற்குள் நுழைகிற பறவைகளை வலைக்குள் விரட்டுவார்கள். நிலையத்தைத் தொடங்கிய ஹூகோ வைகோல்ட் அந்த உத்தியை எடுத்து, கொல்வதற்குப் பதில் காலில் எண் பொறித்த வளையமிட்டுப் பறக்கவிடுவதற்கு ஏற்ப மாற்றினார். இன்று பார்ப்பது இதுதான்: நீர்க்குட்டையும் புதர்களும் உள்ள ஒரு தோட்டம். புதர்களுக்கு மேலாகக் கம்பிவலை போர்த்திய பெரிய புனல். ஒரு பக்கம் வீடு அகலத்துக்கு வாய் திறந்திருக்கும். போகப்போக ஒடுங்கி, கடைசியில் ஒரு சிறு பெட்டியில் முடியும். பெட்டியின் பின்பக்கம் கண்ணாடி. வெளிச்சம் தெரிவதால் அதுதான் வழி என்று நினைத்துப் பறவை தானே உள்ளே போகிறது. ஆய்வாளர் வாய்ப்பக்கத்திலிருந்து மெதுவாக நடந்து வருவார், அவ்வளவுதான்.

வழிகாட்டி நடை உள்ள நாளில் போனால் மேசையருகே நிற்க விடுவார்கள். துணிப்பைக்குள் கைவிட்டு ராபினை எடுத்தார் ஒரு இளம் ஆய்வாளர். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து, உள்ளங்கையில் உடல். இப்படிப் பிடித்தால் பறவை அடங்கிவிடும். அலுமினிய வளையத்தை இடுக்கியால் காலில் மூட்டினார். இறக்கை நீளத்தை அளவுகோலில் வைத்துப் பார்த்தார். பிறகு செய்ததுதான் என் மனதில் நிற்கிறது. பறவையின் வயிற்றை வாயருகே கொண்டுபோய் மெல்ல ஊதினார். இறகு விலகியது. கண்ணாடித்தாள் போன்ற தோல், அதன்கீழ் மாம்பழ மஞ்சளில் கொஞ்சம் கொழுப்பு. அந்தக் கொழுப்புதான் அது நார்வேக்குப் போகக் கையிலிருக்கிற எரிபொருள். கொழுப்பே இல்லாமல் சிவந்த தசை மட்டும் தெரிந்தால் அது இன்னும் சில நாள் இங்கே தங்கித் தின்றாக வேண்டும். எடை போட்டு, ஜன்னலைத் திறந்து விட்டார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

பறவைகளுக்கு அது துன்பம் இல்லையா?

பிடிபடும்போது பயப்படுகின்றன, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் உரிமமும் நீண்ட பயிற்சியும் இல்லாமல் யாரும் பறவையைத் தொட முடியாது. கோல்ட்கிரெஸ்ட்டுக்குப் போடும் வளையம் 0.1 கிராம்கூட இல்லை. கூட்டம் அதிகமானாலும் மழை வலுத்தாலும் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். எந்தப் பறவையையும் தேவையில்லாமல் காத்திருக்க வைப்பதில்லை. இந்த இரண்டு நிமிடச் சங்கடத்தால் அந்த இனத்துக்குக் கிடைக்கிற பாதுகாப்பு மிகப் பெரிது என்பது என் கருத்து. எங்கே இளைப்பாறுகிறது, எங்கே குளிர்காலத்தைக் கழிக்கிறது என்று தெரியாத பறவைக்கு எந்த இடத்தைக் காப்பாற்றிக் கொடுப்பது?

இவ்வளவு காலம் எண்ணி என்ன தெரிந்துகொண்டார்கள்?

முதலில் ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். 1837-இல் ஓவியராக இந்தத் தீவுக்கு வந்த ஹைன்ரிஷ் கேட்கெ, பிரிட்டிஷ் நிர்வாகத்தில் செயலாளராகி, சாகும்வரை இங்கேயே இருந்து பறவைகளைக் குறித்துவைத்தவர். ஐம்பது ஆண்டுக்கு மேலான உழைப்பு 1891-இல் நூலாக வந்தது. நீலத் தொண்டைக் குருவி இருக்கிறதே, குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் வரும் பறவை, அது ஆப்பிரிக்காவிலிருந்து ஒரே இரவில் ஹெல்கோலாந்துக்குப் பறந்து வந்துவிடுகிறது என்று அவர் நம்பினார். இடைவழியில் அதை யாரும் பார்த்ததில்லை என்பதுதான் அவர் கையிலிருந்த ஆதாரம். அந்தக் கணக்கு தவறு. எந்தக் குருவியாலும் அந்த வேகத்தில் பறக்க முடியாது. ஒற்றை இடத்தில் உட்கார்ந்து, எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாலும், பறவை எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்க முடியாது. காலில் எண் வேண்டும். வைகோல்ட் வளையமிடத் தொடங்கியது அந்த இடைவெளியை நிரப்பத்தான்.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. 1960 முதல் தோட்டத்தில் ஒரே முறையில், நாள்தோறும், பறவைகளைப் பிடித்து எண்ணுகிறார்கள். 2000 வரையான நாற்பது ஆண்டுக் கணக்கை எடுத்து 24 சிறுபறவை இனங்களின் வசந்தகால வருகையை ஆராய்ந்தபோது, 23 இனங்கள் முன்கூட்டியே வரத் தொடங்கியிருப்பது தெரிந்தது. ஆண்டுக்கு 0.05 முதல் 0.28 நாள் வரை. கேட்க அற்பமாக இருக்கும். நாற்பதால் பெருக்கினால் இரண்டு நாள் முதல் பதினோரு நாள். ஐரோப்பாவின் குளிர்காலம் மிதமாகிவருவதைக் குருவிகளின் காலிலிருந்து படித்தெடுத்த கணக்கு இது. யாரோ ஒருவர் மழையிலும் குளிரிலும் நாளொன்றுக்குப் பலமுறை அந்தப் புனலுக்குள் நடந்ததால் கிடைத்தது. சுவாரசியமான பறவை வந்த நாளில் மட்டும் எண்ணியிருந்தால் இது கிடைத்திருக்காது.

நம் ஊர்ப் பறவை ஆய்வுக்கும் இந்தத் தீவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சாலிம் அலி 1929-இல் பெர்லின் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸமானிடம் பயிற்சி பெறப் போனார். அந்த ஜெர்மனிக் காலத்தில்தான் ஹெல்கோலாந்து நிலையத்தில் வளையமிடும் முறையை நேரில் பழகினார். பின்னாளில் அவர் வழிநடத்திய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்தியாவெங்கும் பறவைகளுக்கு வளையமிட்டது. அதன் முக்கியக் களங்களில் ஒன்று நம் கோடியக்கரை. பீகாரைச் சேர்ந்த பரம்பரைப் பறவை பிடிப்பவர்களின் கைத்திறனை ஆய்வுக்குப் பயன்படுத்தினார்கள் அங்கே. வேடர்களின் அறிவு ஆய்வாளர்கள் கைக்கு வந்தது இரண்டு இடத்திலும் ஒன்றுபோல் நடந்திருக்கிறது. தோட்டத்துப் புனலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோடியக்கரை உப்பளம்தான் நினைவுக்கு வரும்.

பாறையில் கூடுகட்டும் பறவைகள் மார்ச்சிலேயே இருக்குமா?

இருக்கும். கில்லமோட்டுகள் குளிர்காலத்திலேயே அவ்வப்போது வந்து தங்கள் பாறைத் திட்டைப் பார்த்துவிட்டுப் போகும். மார்ச் காலைகளில் கறுப்பு வெள்ளையாய் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கலாம். மதியம் போனால் ஒன்றுகூட இல்லாமலும் இருக்கும். அந்தப் பாறைச் சரிவு 1964 முதல் இயற்கைக் காப்பகம். பரப்பு 1.1 ஹெக்டேர்தான், ஜெர்மனியிலேயே மிகச் சிறியது.

கேனட்டுகள் இங்கே முதன்முதலாகக் கூடுகட்டியது 1991-இல். இப்போது நடைபாதை வேலியிலிருந்து சில மீட்டரிலேயே அவற்றின் கூடுகள். பைனாகுலர் வேண்டாம், வெறுங்கண்ணுக்கே இமை தெரியும். ஜோடிகள் மார்புக்கு மார்பு நின்று அலகை வானத்துக்கு உயர்த்தி வாள்போல் உரசிக்கொள்ளும். ஆனால் கூட்டை உற்றுப் பாருங்கள். கடற்பாசிக்கு நடுவே ஆரஞ்சும் நீலமுமாக நூல் நூலாக இருக்கும். கடலடியில் இழுபடும் மீன்வலை தேய்ந்துபோகாமல் இருக்க வலையின் அடியில் கட்டும் பிளாஸ்டிக் இழைகள் அவை. பிய்ந்து மிதப்பவற்றைப் பாசி என்று நினைத்துப் பறவை எடுத்து வருகிறது. அதில் கால் சிக்கித் தொங்கிச் செத்த பறவைகள் அடுத்த வசந்தத்திலும் அங்கேயே தொங்குகின்றன. பக்கத்தில் புது ஜோடி கூடு கட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்த்தபோது வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அழைத்துப்போகும் ஒவ்வொருவரையும் அங்கே நிறுத்தி இதைக் காட்டாமல் விடுவதில்லை.

2022-இல் பறவைக் காய்ச்சலும் இந்தக் கேனட்டுகளைக் கடுமையாகத் தாக்கியது. நோயில் பிழைத்தவற்றில் சிலவற்றுக்கு வெளிர்நீலக் கண் கறுத்துவிடுகிறது என்பதை ஸ்காட்லாந்தின் பாஸ் ராக் பாறையில் கவனித்துச் சொன்னார்கள். வேலியோரம் நிற்கும்போது கண்களையும் பாருங்கள்.

போன நாளில் பறவையே இல்லாவிட்டால்?

அதற்கும் வாய்ப்பு உண்டு. நீலவானம், தென்மேற்கிலிருந்து இதமான காற்று என்றால் நமக்குச் சுகமாக இருக்கும், பறவைகளுக்கும் சுகம்தான். தீவில் இறங்காமல் மேலாகவே டென்மார்க்குக்குப் போய்விடும். அப்படிப்பட்ட நாளில் புதரைக் கிளறாதீர்கள். மேற்குப் பாறை விளிம்பில் காற்றுமறைவாக உட்கார்ந்து கடலைப் பாருங்கள். கறுப்புக் கடல்வாத்துக் கூட்டங்கள் அலையை ஒட்டிக் கோடு போட்டதுபோல் வடக்கே போகும்.

என்ன எடுத்துப் போக வேண்டும்? நம் சாப்பாடு கிடைக்குமா?

காற்றும் நீரும் புகாத மேல்சட்டை, கம்பளித் தொப்பி, விரல் தனியாக அசைகிற கையுறை. குடை வேண்டாம், நிமிடத்தில் பறந்துவிடும். 8 மடங்கு பைனாகுலர் போதும். தீவின் தனிச்சுவை நண்டுக்கால், அங்கே க்னீப்பர் என்பார்கள். சைவர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போவது உத்தமம். அந்தக் குளிரில் இரண்டு நாள் கெடாது. சுடுதண்ணீர்க் குடுவையை மறக்காதீர்கள்.

வயதானவர்கள், குழந்தைகள் வரலாமா?

தாராளமாக. காரும் சைக்கிளும் கூடாது என்று ஜெர்மனியின் சாலைவிதிச் சட்டமே இந்தத் தீவைப் பெயர்சொல்லித் தடுக்கிறது. குழந்தைகளைக் கையைவிட்டு நடக்க விடலாம். பாறை விளிம்பில் மட்டும் வேலியைத் தாண்ட விடாதீர்கள். கீழ்த்தெருவிலிருந்து மேலே போக லிஃப்ட் இருக்கிறது.

படம் எடுக்கக் கட்டுப்பாடு உண்டா?

டூனெயில் கடல்நாய்களிடமிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். களைத்துப்போய்த் தரையில் இரைதேடும் பறவையைப் பலர் சேர்ந்து வளைத்து நிற்பதை ஒருமுறை பார்த்து மிகவும் வருத்தப்பட்டேன். உட்கார்ந்துவிடுங்கள். பெரும்பாலும் அதுவே பக்கத்தில் வரும்.

காலில் வளையம் உள்ள பறவையை நான் பார்த்தால்?

வளையத்தில் நிலையத்தின் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். வடமேற்கு ஜெர்மனி முழுக்கப் போடும் வளையங்களில் ஹெல்கோலாந்து நிலையத்தின் பெயரே இருக்கும். உயிருள்ள பறவையைப் பிடிக்க முயலாதீர்கள். தெளிவாகப் பல கோணத்தில் படம் எடுத்து எண்ணைப் பெரிதாக்கிப் படியுங்கள். இறந்து கிடந்தால் வளையத்தைப் படம் எடுத்து, இடம், தேதி, நேரம், பறவை இருந்த நிலை எல்லாம் குறித்து, வளையத்தில் உள்ள நிலையத்துக்கு எழுதுங்கள். இந்தியாவில் என்றால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதினாலும் போய்ச் சேரும். எங்கே, எந்த நாளில், எவ்வளவு எடையோடு அந்தப் பறவை ஒருவர் உள்ளங்கையில் இருந்தது என்ற விவரத்தோடு உங்களுக்குப் பதில் வரும். ஹாம்பர்க் ஏரிக்கரையில் ஒரு கடற்காகத்தின் எண்ணைப் படித்து அனுப்பியதற்கு எனக்கு வந்த பதில் இன்னும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.